உயர வந்த பந்து

வங்காலை
14.06.2024

அன்பின் தர்ஷிகா,

அக்காவின் போனில் உங்கள் மட்ச் வீடியோ பார்த்தேன். பந்து உயர வந்ததும் உன் கைகள் முதலில் தலையை மூடின. பிறகுதான் பந்துக்குப் போயின. அதற்குள் கோல் விழுந்துவிட்டது. வீடியோவுக்குக் கீழே எல்லோரும் கோல்கீப்பரைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். கையை ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடக் கோச் அலெக்ஸாண்டர் சேர் அந்த நாளில் கண்டிருந்தால் கொடித்தடியால் காலில் போட்டிருப்பார். "பயந்தவளுக்கு கோல் போஸ்ற்றில என்ன வேலை?" என்றிருப்பார். பிறகு அவரும் ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்வந்து தடியை விட்டார். கண்ணை மூடிப் பந்தைப் பிடிப்பதாக நினைக்கச் சொன்னார். நீ நித்திரையாகிக் குறட்டை விட்டாய்.

அங்கே இப்போது என்ன செய்கிறார்கள்? நான் பள்ளிக்கூடத்தை விட்டு நண்டுக் கம்பனிக்குப் போவதால் கடிதம் எழுதக் குறைச்சலாக இருக்கிறதா? இதற்கு முந்தி எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

அன்புடன்,
அன்ரோனெற்


விளையாட்டு விடுதி
27.06.2024

அன்புள்ள அன்ரோ,

கோபிக்காதே. போனை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள், முத்திரைக்கும் அலைய வேண்டும்.

இங்கே ஒரு மனநல மிஸ் வருகிறார். தடியும் இல்லை, கண்ணை மூடவும் சொல்வதில்லை. முன்பு தன்னைப் போன்றவர்கள் வெல்ல வைப்பதற்கு மட்டும் வந்தார்களாம். இப்போது நித்திரை, சாப்பாடு, வீடு எல்லாம் கேட்கிறார்கள். அதே வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"உம்மை ஆர் அடிக்கிறது?"

ஒருவரும் இல்லை என்றேன். அம்மாவை இரண்டாந்தாரமாகக் கட்டிய சித்தப்பாவையும் அவருடைய பெல்ட்டையும் பற்றி உனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த மாதம் லீவு, வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். மிஸ்ஸிடம் சொல்லவா? வெளியே போகுமா?

உன்,
தர்ஷிகா


வங்காலை
04.07.2024

அன்பின் தர்ஷிகா,

சொல்லு. நாங்கள் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரித்தான் இதுவும். அங்கே சொன்னது பாதரோடு நின்றுவிடும்; கழுத்தை அறுத்தாலும் வெளியே வராது. மிஸ்ஸும் அப்படித்தான் இருப்பார். பயப்படாமல் சொல்லு.

அன்ரோனெற்


விளையாட்டு விடுதி
20.07.2024

அன்ரோ,

சொன்னேன். வீட்டில் அடி விழுகிறது என்றேன். யார் என்று சொல்ல வாய் வரவில்லை.

மிஸ் நல்லவர். கையைப் பிடித்துக்கொண்டு, "இதை நான் மறைச்சு வைக்கேலாது பிள்ளை. உமக்குப் பதினெட்டு ஆகேல்லை. அம்மாவோட கதைக்க வேணும்" என்றார். அம்மாவின் நம்பர் என்று விடுதியில் கொடுத்திருப்பது சித்தப்பாவின் நம்பர். மிஸ்ஸுக்கு அது எப்படித் தெரியும்? மிஸ் அடித்தபோது சித்தப்பாதான் எடுத்திருக்கிறார்.

இன்று வந்திருக்கிறார். விடுதி வாடனுக்கு இனிப்புத் தொதல் கொடுத்து, அம்மாவுக்குச் சுகமில்லை என்று என்னைக் கூட்டிப்போகக் கையெழுத்தும் வைத்துவிட்டார். வாசலில் வான் நிற்கிறது. இதைப் பக்கத்துக் கட்டில் றுஷ்தாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன், அவள் தபாலில் போடுவாள். வீட்டுக்கு எழுதாதே, அவர்தான் பிரிப்பார்.

பாதர் மாதிரி என்று எழுதினாயே.

தர்ஷிகா


மன்னார்
29.07.2024

அன்பின் தர்ஷிகா,

இதை எப்படி உன் கையில் சேர்ப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்றுப் பெரியமடுவுக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா படலையைத் திறக்கவில்லை. "அவளுக்கு இனிப் பந்தும் இல்லை, சிநேகிதியும் இல்லை. போம்" என்றார். உள்ளே யாரோ இருமியது கேட்டது. நீயா, அம்மாவா தெரியவில்லை. கூப்பிட்டிருக்கலாம். பஸ்ஸுக்குத் திரும்பி நடந்தேன்.

இப்போது கந்தோரில், சிறுவர் விடயம் பார்க்கிற அலுவலரின் அறைக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஒருவர், "என்ன பிள்ளை அலுவல்?" என்று கேட்டார். தண்ணீர் குடிக்கப் போவது போல எழும்பி வெளியே போய், திரும்ப வந்து இருந்தேன்.

மிஸ் உன் கதையை வெளியே விட்டுவிட்டார் என்று ஒரு கிழமையாகத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்று நான் உன்னைக் கேட்காமல், நீ மிஸ்ஸுக்கே சொல்லாத பெயரைச் சொல்லப்போகிறேன். அந்த மனுசன் இதற்கும் உன்னைத்தான் அடிப்பாரோ என்று பயமாக இருக்கிறது. நீ என்னோடு இனிக் கதைக்காமலும் விடலாம்.

என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போகிறேன்.

அன்ரோனெற்