விண்ணப்பதாரர் வெளிநாடு போகவில்லை, மாடியில்தான் இருக்கிறார்

அனுப்புநர்:
தங்கள் கோப்பில் "வசிக்கவில்லை" என்று குறிக்கப்பட்டவர்,
ஆய்வக உதவியாளர், மண் பரிசோதனை நிலையம்,
மாடி வீடு, தையற்கடைக்கு நேர் மேலே.

பெறுநர்:
கடவுச்சீட்டு அலுவலர் அவர்கள்,
கடவுச்சீட்டு அலுவலகம்.

பொருள்: முகவரி விசாரணை அறிக்கையைத் திருத்தி, மறு விசாரணை நடத்தி, கடவுச்சீட்டு வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: என் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டதாக நேற்று வந்த தங்கள் அலுவலகக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் மேற்படி வீட்டில் ஐந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க இருவரும் மூன்று ஆண்டுகளாக விண்ணப்பித்து வந்தோம். முதல் ஆண்டு அவருக்கு மட்டும் இடம் கிடைத்தது, அவர் போகவில்லை. அடுத்த ஆண்டு எனக்கு மட்டும் கிடைத்தது, நான் போகவில்லை. அந்த இரண்டு அனுமதிக் கடிதங்களையும் மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். இந்த ஆண்டு ஒரே பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அன்று நாங்கள் போட்ட கூச்சலில் கீழே தையற்கடையில் ஓர் ஊசி உடைந்ததாகப் பின்னர் தெரியவந்தது.

2. அந்த மகிழ்ச்சியில் சற்று அவசரப்பட்டுவிட்டோம் என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன். கணவரிடம் ஏற்கெனவே கடவுச்சீட்டு இருக்கிறது. என்னுடையது வருவதற்குள் கட்டில், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் ஆசையாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். ஃபிரிட்ஜ் தையற்கடை அக்காவுக்குப் போயிற்று.

3. சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கட்டி முடித்த இரண்டு பெட்டிகளையும் எடை பார்க்கப் பழைய பேப்பர் கடைக்கு ஆட்டோவில் எடுத்துச் சென்றோம். எங்கள் பகுதியில் பெரிய தராசு அங்கேதான் உண்டு. பெட்டிகளை ஏற்றிக் கொடுத்தவர் இஸ்திரிக்கடை அண்ணன். எதற்குப் போகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆட்டோ கிளம்பியதும் தெருவே வாசலுக்கு வந்து கையசைத்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கையசைப்பவர்களுக்குப் பதிலுக்குக் கையசைப்பதுதான் மரியாதை என்பதால் நாங்களும் அசைத்தோம்.

4. நாங்கள் வெளியே இருந்த அந்த ஒரு மணி நேரத்தில்தான் விசாரணைக்குக் காவலர் வந்திருக்கிறார். தையற்கடை அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்துச் சொன்னது: "இப்பத்தான் சார் வெளிநாட்டுக்குக் கெளம்பிப் போனாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே! கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நீங்களும் டாட்டா காட்டியிருக்கலாம்." இஸ்திரிக்கடை அண்ணன் சொன்னது: "பெட்டிய நான்தான் சார் தூக்கி வெச்சேன். என்னா கனம்! உள்ள பூரா படிப்பு." காவலர் மாடியேறி ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். ஒரு பாய், இரண்டு தலையணை, ஒரு வாளி. கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர்மீது எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை; நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

5. நாங்கள் பெட்டிகளோடு திரும்பி வந்து இறங்கியதைப் பார்த்த அக்கா, "ஐயோ, அதுக்குள்ள படிச்சு முடிச்சிட்டீங்களா?" என்று அலறினார். நடந்தது விளங்கியதும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது.

6. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தவர் கடவுச்சீட்டு இல்லாமலேயே வெளிநாடு போய்விட்டதாகத் தற்போது கோப்பு சொல்கிறது. அப்படிப் போக வழி இருந்திருந்தால் தங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்திருக்க மாட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

7. நான் இங்கே வசிப்பதற்குச் சான்று கேட்டால், எங்கள் பாலும் தக்காளியும் இன்னமும் அக்கா வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன. தினமும் நான்கு முறை இறங்கிப் போய் எடுத்து வருகிறேன். அக்கா எழுதிக் கொடுத்துள்ள வாக்குமூலம்: "விடியக்காலைல பால் எடுக்க வந்து என்னைத் தூக்கத்துலேர்ந்து எழுப்புறதே இந்தப் பொண்ணுதான். இங்க வசிக்கலைன்னா தெனமும் வந்து எழுப்புறது யாரு?" அன்று கையசைத்த முப்பத்தொரு பேரும் கீழே கையொப்பமிட்டுள்ளனர். இஸ்திரிக்கடை அண்ணன் மட்டும், குற்றம் தன்னுடையது என்று இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார்.

8. விசாவுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வரும் இருபத்தெட்டாம் தேதி. அதற்குள் என் கடவுச்சீட்டு வராவிட்டால் என் இடம் போய்விடும். கணவரைத் தனியாகப் போகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தன் பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டார். என் மாமியாரும் தொலைபேசியில், "நீ இல்லாம அவன் மட்டும் போனான்னா, திரும்பி வந்து என் வீட்டுப் படி ஏற வேண்டாம்னு சொல்லிடும்மா" என்று தெளிவாகத் தெரிவித்துவிட்டார். ஆக, என் ஒருத்தியின் கோப்பில் இருவரின் படிப்பும் இருக்கிறது. இந்த முறையும் கடிதங்களை மடித்து வைக்க எங்களுக்கு மனமில்லை ஐயா. முட்டுக் கொடுக்க வீட்டில் ஒரு சாமானும் இல்லை.

9. ஆகவே, தாங்கள் கருணைகூர்ந்து மறு விசாரணைக்கு உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். வரும் ஒரு வாரமும் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்போம். எடை பார்க்கக்கூடப் போக மாட்டோம். யார் எங்கே கிளம்பினாலும் விசாரணை முடியும்வரை கையசைப்பதில்லை என்று தெருவில் உறுதி அளித்திருக்கிறார்கள். விசாரணைக்கு வருபவர் உட்கார, அக்காவிடம் ஒரு நாற்காலி இரவல் வாங்கி வைத்திருக்கிறோம். அது எங்கள் நாற்காலிதான்.

தங்கள் நல்ல பதிலை இதே முகவரியில் எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மாடி வீட்டில் வசிக்கும் மனுதாரர்

நாள்: 9, வெள்ளிக்கிழமை
இடம்: மேற்படி மாடி வீடு, கூடத்துத் தரை

இணைப்பு: அனுமதிக் கடிதங்களின் நகல் இரண்டு, அக்காவின் வாக்குமூலம், தெருவினர் கையொப்பங்கள் முப்பத்திரண்டு (ஆட்கள் முப்பத்தொன்று).