மணக்காத இலை

நேற்று அடையாறில் புதிதாகத் திறந்திருக்கும் ஜப்பான் உணவகத்துக்கு நம் மகள் அழைத்துப்போனாள். பச்சை மீன் துண்டுகளுக்கு அடியில் விரித்திருந்த ஷிசோ இலையைக் கசக்கி முகர்ந்தேன். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. "மீன் புடிக்கலையாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கிண்டியில் உங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஜப்பான் இன்ஜினியர் நம்மை விருந்துக்குக் கூப்பிட்டார். காந்தி நகரில் மாடி வீடு. அவர் மனைவி பால்கனித் தொட்டியில் வளர்த்த அதே ஷிசோ இலைகளைப் பறித்து, மெல்லிசாக நறுக்கிய சூரை மீனை அவற்றின்மேல் அடுக்கினார். உங்கள் மூக்கு எப்படிப்பட்டது! பட்டினப்பாக்கத்தில் மீன்காரம்மா கூடையைத் திறக்கும் முன்பே "இது நேத்து மீனு" என்பீர்கள். அன்று ஒரு துண்டை வாயருகே கொண்டுபோய், திரும்ப வைத்துவிட்டீர்கள்.

"கவிச்சி அடிக்குது. ஆனா இந்த இலை இருக்கே, துளசியும் ஓமவல்லியும் சேந்தாப்ல... ப்பா!"

இலைகளை மட்டும் தின்று தீர்த்தீர்கள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் மறுபடி போனோம். இந்த முறை நீங்கள் மீனை விடவே இல்லை. சோயா சாஸில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ரசித்தீர்கள். "கொஞ்சங்கூட கவிச்சியே இல்ல. வெண்ணெ மாதிரி வழுக்கிட்டுப் போகுது. நீயும் சாப்பிடேன்."

எனக்கு அதே வாடைதான் அடித்தது. இலைகளையெல்லாம் நீங்கள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியிருந்தீர்கள்.

"ஏங்க, இலை வேணாமா?"

"இந்தத் தடவ வெறும் புல்லு மாதிரி இருக்கு."

நான் ஒன்றைக் கடித்தேன். வாயெல்லாம் மணத்தது. பிறகு மீனுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்த வசாபி என்ற பச்சை விழுதின் காரம் உங்களுக்கு மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. எல்லோரும் சிரித்தோம். மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தொட்டியிலிருந்து இன்னோர் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, கணவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் உங்களையே பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு காலை. தி.நகர் வீட்டில் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்குப் பால் தீய்ந்த நாற்றம் வந்தது. ஓடி வந்தேன். அடுப்படி வாசலில் உட்கார்ந்து நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏங்க, பால் தீயுதே!"

"அப்படியா?" என்றீர்கள், நிதானமாக. அன்றைக்கே உங்களை டாக்டரிடம் இழுத்துப்போனேன்.

நெற்றிக்குப் பின்னால் இருந்த கட்டியை டாக்டர் ஸ்கேன் படத்தில் காட்டினார். வாசனை அறியும் நரம்பைத்தான் முதலில் அமுக்கியிருக்கிறது, ரொம்ப நாளாக வளர்கிறது என்றார். வசாபியின் காரம் மூக்கில் ஏறுவது வேறு நரம்பு வழியாம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சொன்னீர்கள்: "எது சாப்ட்டாலும் சப்புன்னு இருந்துச்சு. அந்த மீன் ஒண்ணுதான் நல்லா இருந்துச்சு. வந்தப்புறம் இன்னொரு வாட்டி போவோம்."

நீங்கள் கண் விழிக்கவே இல்லை.

இப்போதும் ரசம் கொதிக்கும்போது மகளை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "வாசனை வருதாடி?" என்பேன்.

"ஏம்மா டெய்லி இதையே கேக்கற?"

"சும்மாதான்."

பெருங்காயம் தூக்கலாக இருக்கிறதென்று அவள் முகம் சுளித்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.