நீ தூக்கிய கை

என் சுகிக்குட்டிக்கு,

நீ ஆடிய இடத்தில் இப்போது இரண்டு பிள்ளைகள் மாறி மாறி ஆடுகிறார்கள். ஒருத்தி டர்சிகா, புளியங்குளத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். மற்றவள் அனுஜா. அவளை உனக்குத் தெரியும், நீ இருந்த காலம் முழுக்க மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்து உனக்குக் கைதட்டியவள். பயிற்றுநர் இன்னமும் உன் அக்கா நான்தான்.

வவுனியாவில் கூடைப்பந்தைச் சம்பளத்துக்கு ஆடும் பெண்கள் அணி இருக்கிறது என்றால் சனம் இன்னும் நம்புவதில்லை. "பந்தடிக்கிறதுக்கும் சம்பளமோ தங்கச்சி?" என்று ஒரு ஓட்டோக்காரர் கேட்டார். "ஓமண்ணை" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

டர்சிகாவுக்கு நல்ல கை, ஆனால் கண் பந்தை விட்டு நகராது. ஆட்டத்தை நடத்தும் பொயின்ற் கார்ட் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற நாலு பேரை யார் பார்ப்பது? இரண்டு பேரையும் பந்தைத் தட்டிக்கொண்டே வரச்சொல்லி, எதிரே நின்று விரல்களைக் காட்டுகிறேன். எத்தனை என்று அவர்கள் கத்திச் சொல்லவேண்டும். "மூண்டு அக்கா, நகத்தையும் வெட்டுங்கோ" என்கிறாள் அனுஜா. நீ இருந்தால் அவளோடு சேர்ந்து என்னைப் பகிடி பண்ணியிருப்பாய்.

இதையெல்லாம் அன்றே செய்திருக்கலாம். நீதான் கேட்டாயே. "அக்கா, அனுஜாவை ஒரு பத்து நிமிசம் விடுங்கோவன். அவளும் பழக வேணுமெல்லே." உனக்கு நல்ல மனம் என்று நினைத்தேன். உனக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைக்கவில்லை. சம்பளம் வரத் தொடங்கிய முதல் வருடம் அது. தோற்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், எல்லா மட்சிலும் கடைசி விசில் வரை உன்னையே ஓடவிட்டேன். சொந்தத் தங்கச்சி மறுபேச்சில்லாமல் ஓடுவாள்தானே.

போன கிழமை டர்சிகா கணுக்கால் வீங்கிப்போயும் ஒரு முழு மட்ச் ஆடியிருக்கிறாள். சப்பாத்தைக் கழற்றியபோதுதான் கண்டேன். ஏசிவிட்டேன். "களைச்சால், நொந்தால் கையைத் தூக்கு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சுகியக்காவும் கை தூக்கினவாவாம். நீங்கள் காணேல்லையாம். பிறகு தூக்கி என்னக்கா?"

காணவில்லை என்பது நான் சொல்லிப் பரப்பிய பொய், சுகி. அந்தக் கடைசி மட்சில் நீ என்னையே பார்த்துக்கொண்டுதான் கையைத் தூக்கினாய். நான் கண்டேன். இரண்டு புள்ளி பின்னால் நின்றோம், நாலு நிமிடம் இருந்தது. முகத்தைத் திருப்பிப் புள்ளிப் பலகையைப் பார்த்தேன். நீ கையை இறக்கிவிட்டு ஓடினாய். வென்றோம். கிண்ணம் கொடுக்குமுன் நீ விழுந்தாய், பிறகு எழும்பவேயில்லை.

பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, யாருக்கும் தெரிய வழியில்லை என்றார் வைத்தியர். அந்த நாலு நிமிடம் உன்னை வாங்கில் இருத்தியிருந்தால்? அதை அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

டர்சிகாவின் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே இரண்டு பேரிடமும் சொன்னேன். "நான் கண்டனான், பிள்ளையள். கண்டும் அவளை வெளியில எடுக்கேல்ல."

அனுஜா அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல். நேற்றுப் பயிற்சி ஆட்டத்தின் நடுவில் கையைத் தூக்கினாள். உடனே நிறுத்தி அவளை வெளியே எடுத்தேன். அவளுக்குக் களைக்கவேயில்லை, என்னைச் சோதித்திருக்கிறாள். சோதிக்கட்டும். எனக்கு அது வேண்டியதுதான்.

ஆனால் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஒட்டுசுட்டானில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் தலையைத் தடவி அதே கதையைத்தான் சொல்லுவா. "நீ கண்டிருந்தா அவளை எடுத்திருப்பாய் பிள்ளை. எனக்குத் தெரியாதே? அழாதை." உன்னைப் பறிகொடுத்த மனுசி, உன்னை ஓடவிட்டவளைத் தேற்றிக்கொண்டிருக்கிறா. நானும் தலையைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எப்படி முடிந்தது என்னால்?

ஞாயிற்றுக்கிழமை விடிய முதலாவது பஸ்ஸில் போகிறேன். பத்திரிகைக்கு அனுப்பும் இந்தக் கடிதம் அச்சில் வருமுன் அம்மாவிடம் நானே என் வாயால் சொல்லுவேன். இனி என் தலையில் கை வைப்பதா இல்லையா என்பதை, உண்மை தெரிந்து அவாவே தீர்மானிக்கட்டும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னமும் உன் அக்கா என்று சொல்லிக்கொள்ளும்,
மதி