கோழிகளுக்குக் கட்டிய கோட்டை

நம் மகளின் அம்மாவுக்கு,

நீயும் மகளும் குழந்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது. எல்லோரும் என்று சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? நானும் உன் மூன்று கோழிகளும்தான். எங்கள் சௌக்கியத்தை வெயில் விசாரித்துக்கொண்டிருக்கிறது.

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உயர்ந்துவிடுகிறது. யாருடைய குரல் என்று இப்போது பட்டிமன்றம் வேண்டாம். கடிதத்தில் சத்தம் கேட்காது என்பதால் எழுதுகிறேன். பாதியில் வைத்துவிடவும் முடியாது, நீயாகக் கிழித்துப் போட்டாலொழிய.

இந்த வருடத்து வெயிலைப் போல நான் பார்த்ததில்லை. விடிந்த கொஞ்ச நேரத்திலேயே குழாயில் வெந்நீர் வருகிறது. கொல்லைப்புறத்துச் சிமென்ட் தரையில் செருப்பில்லாமல் காலை வைக்க முடியவில்லை. துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்து திரும்பினால் விறைத்துத் தகடாக நிற்கிறது. கல்லூரியில் துறைத் தலைவருக்கு மட்டும் ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று உனக்குத் தெரியும். என்னிடம் சாக்பீஸ் கடன் வாங்கிக்கொண்டிருந்தவன். அறைக்குள் கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் குளு குளுன்னு உக்காந்துட்டுப் போங்க சார்" என்றான். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து, ஃபேன் ஓடாத வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

உன் கோழிகளைப் பற்றிச் சொல்கிறேன். டீச்சரம்மா நீ பெயர் வைத்தது போலவே இருக்கிறாள். காலையில் கூண்டைத் திறந்தால் வகுப்பறைக்குள் நுழைகிறவள் மாதிரி நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள். மொட்டைக்கழுத்துக்கு வெயிலைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. கழுத்தில் இறகில்லாமல் பிறந்ததற்கு இப்போதுதான் பலன் தெரிகிறது. செவலைதான் கொஞ்சம் சோர்ந்து தெரிகிறாள். மதியத்தில் வாயைப் பிளந்துகொண்டு, சிறகை உடம்பில் ஒட்டாமல் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். முட்டை ஓடு மெலிந்துவிட்டது. கையில் எடுக்கும்போதே உடைகிறது.

தீனியைக் காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் போடுகிறேன். மதியம் தின்றால் உடம்பு இன்னும் சூடாகும். கூண்டின் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அதன்மேல் ஈரச் சாக்கு. தண்ணீர்ப் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றி, கூண்டுக்குள் படுக்க வைக்கிறேன். அகலமான தட்டில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கொய்யா மரத்து நிழலில் வைத்தேன். கோழிக்கு உடம்புச் சூடு காலின் வழியாகத்தான் இறங்கும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். முதலில் மூவரும் தட்டைச் சந்தேகமாகச் சுற்றி வந்தார்கள். கடைசியில் டீச்சரம்மா ஒரு காலை வைத்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு மற்ற இரண்டு பேரும் ஏறி நின்று, மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

எனக்கு அச்சகத்து மாடி ஞாபகம் வந்துவிட்டது.

கீழே நாள் முழுவதும் தடதடவென்று அச்சு இயந்திரம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவில் நாம். கல்யாணமான முதல் கோடை. அந்த அறையைப் பார்த்துவிட்டு உன் அண்ணன் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுல மனுசன் இருப்பானா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. இன்றைக்கும் மறக்கவில்லை. மறுநாளே நீ எங்கிருந்தோ ஏணி கொண்டுவந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூரைமேல் ஏறி, ஒரு வாளி சுண்ணாம்பை அடித்து முடித்தாய். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "விழுந்துடாதே, விழுந்துடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்க ஏணியை ஆட்டாம இருந்தா விழமாட்டேன்" என்றாய். பிறகு ஜன்னலில் ஈரப் போர்வை. தரையில் ஈரச் சாக்கு. துணி துவைக்கும் பேசினில் தண்ணீர் நிரப்பி நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலி. பேசினுக்குள் நான்கு கால்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நீ காலை ஆட்டியதில் தண்ணீர் தெறித்து ஒரு பையனின் விடை முழுக்கக் கரைந்துவிட்டது. என்ன எழுதியிருந்தான் என்றே தெரியவில்லை. "பாவம், நல்லாத்தான் எழுதியிருப்பான், முழு மார்க் போடுங்க" என்றாய். போட்டேன். என் சர்வீஸில் நான் கொடுத்த ஒரே முழு மார்க் அதுதான்.

கோழிக்கு இவ்வளவும் செய்கிறாரே, எந்தப் புத்தகத்தில் படித்தார் என்று நீ கேட்பாய். எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஒரே ஒரு வேலை மட்டும் நானே யோசித்துச் செய்தது. போன மாதம் பின்கேட்டைத் தாண்டி நாய் வந்து, வலைக்கம்பியைப் பிறாண்டிவிட்டுப் போனது. ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது நீ கடைசியாகச் சொன்னது, "கோழியை நாய்கிட்ட விட்டுடாதீங்க" என்பது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சரி, அது போகட்டும். பழைய கட்டில் பலகைகளை எடுத்து, வலைக்கம்பியின்மேல் மூன்று பக்கமும் சுத்தமாக அடித்துவிட்டேன். கதவுக்கும் பலகை. உள்ளங்கை நீளத்துக்குத் தாழ்ப்பாள். இத்தனை வருடம் கோட்டைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவன் கட்டிய முதல் கோட்டை. நான் கல்லூரிக்குப் போகும்போது மூவரையும் உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போகிறேன். யானை வந்து முட்டினாலும் அசையாது.

இனி உன் விஷயம். போனில் நீ சொன்னதை மறக்கவில்லை. "நான் கோவிச்சுக்கிட்டு வரலைங்க. ஆனா நீங்க ஒரு தடவை இங்க வந்து, இந்த வீட்டுல உக்காந்து, வா போலாம்னு கூப்பிடுங்க. அன்னைக்கே கிளம்பி வர்றேன்" என்றாய். குழந்தை பிறந்தபோது உதவிக்கென்று போனவள் நீ. இப்போது பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். போன வழி தெரிந்தவளுக்கு வருகிற வழி தெரியாதா? அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில், நான் சொன்ன போரின் வருடத்தைப் போனில் தேடிப் பார்த்து, "மாமா, ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டுட்டீங்க" என்று சொன்ன மாப்பிள்ளை அவர். என் பாடத்தில் என்னைத் திருத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

தவிர, இந்த வெயிலில் கோழிகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது? பக்கத்து வீட்டு வக்கீலிடமா? நம் சேவல் கூவியதற்கு மூன்று பக்க நோட்டீஸ் அனுப்பி, அதை ஊருக்கு அப்பால் கொண்டுபோய்க் கொடுக்க வைத்த மனிதர். அன்றிலிருந்து அந்த மதில் பக்கம் நான் முகத்தைத் திருப்புவதில்லை. ஆகவே நான் வருவதற்கில்லை. நாளை பேப்பர் திருத்த முகாமுக்குப் போக வேண்டும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதலாம் என்று நினைத்தேன். வேண்டாம், இருக்கட்டும். எழுதியவன் யார் என்று உனக்குத் தெரியாததா.

செவலை போய்விட்டாள்.

நேற்று மதியம் முகாமில் மின்சாரம் நின்றுபோய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வந்து தாழ்ப்பாளைத் தொட்டால் விரல் சுடுகிறது. கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது மாதிரி முகத்தில் அடித்தது. பலகை நாயையும் விடவில்லை, காற்றையும் விடவில்லை. ஈரச் சாக்கு காய்ந்து முறுகிக் கிடந்தது. பாட்டிலில் இருந்த ஐஸ் உருகித் தண்ணீரே சுட்டது. செவலை மூலையில், நீ வைத்த முட்டைக் கூடைக்குப் பக்கத்தில், தலையைச் சாய்த்துக் கிடந்தாள். மொட்டைக்கழுத்து கதவின் இடுக்கில் மூக்கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். டீச்சரம்மா தரையோடு தரையாகச் சிறகை விரித்து, கண் பாதி மூடி, தொண்டை மட்டும் துடிக்கக் கிடந்தாள்.

உள்ளே ஓடிப்போய் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்தேன். டீச்சரம்மாவின் தலையில் ஊற்றப் போகும்போது மதிலுக்கு மேலிருந்து குரல். "சார், ஊத்தாதீங்க. ஐஸ் தண்ணி பட்டா அதிர்ச்சியிலயே போயிடும். சாதாத் தண்ணியில காலை மட்டும் வைங்க." வக்கீல்தான். கோர்ட்டில்கூட இவ்வளவு உரக்கப் பேசியிருக்கமாட்டார். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பனியனோடு மதிலில் ஏறி இந்தப் பக்கம் குதித்துவிட்டார். இறங்கும்போது முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அதைக் கவனிக்காமல் டீச்சரம்மாவைத் தூக்கி, தட்டில் நிற்க வைத்து, விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டோம். ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்காமல் அதே வேலையாக இருந்தோம். பிறகு எப்போதோ அவள் காலை உதறி, வக்கீலின் கையில் ஒரு கொத்து கொத்தினாள். "உயிர் வந்துடுச்சு சார். என்னை யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா" என்றார் வக்கீல்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆறு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டம்மாதான் சார் சொல்லி வச்சிருக்காங்க. நேரா அவர்கிட்ட சொன்னா எனக்குத் தெரியும்பாரு, நீங்க மதில் வழியா ஒரு கண்ணு வச்சுக்குங்கன்னு. நீங்க பலகை அடிச்ச அன்னைக்கே அவங்ககிட்ட சொன்னேன். ரொம்பப் பயந்துட்டாங்க. ஆனா நான் வந்து சொன்னா நீங்க கேப்பீங்களா?" கேட்டிருக்கமாட்டேன். அவரே தொடர்ந்தார். "தெனமும் எங்க வீட்டுக்குப் போன் வருது சார். மொதல்ல கோழி எப்படி இருக்குன்னு கேப்பாங்க. அப்புறம் சமையக்கட்டுல லைட் எரிஞ்சுதா, சார் சாப்பிட்டாரான்னு."

ஆறு வருடமாக நான் பேசாத வீட்டோடு நீ பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்குப் போன் செய்ய நேரமில்லாதவளுக்கு வக்கீல் வீட்டுக்குச் செய்ய நேரமிருக்கிறது. இதைப் பற்றி உன்னிடம் ஒரு பாட்டம் சண்டை போட வேண்டும். அதையும் எழுத்தில் போட முடியாது. நேரில்தான்.

பொழுது சாய்ந்ததும் நாங்கள் இருவருமாகப் பலகைகளைப் பிடுங்கினோம். வலைக்கம்பியை இரண்டு அடுக்காக இழுத்துக் கட்டி, அடியில் செங்கல் வரிசை வைத்தோம். இனி நாயும் வராது, காற்றும் நிற்காது. அவர் தன் வீட்டு நிழல்வலையைக் கொண்டுவந்து, கொய்யா மரத்திலிருந்து மதில் வரைக்கும் கட்டினார். ஆணி பாதி அவர் சுவரில் இருக்கிறது. அதற்கு நோட்டீஸ் அனுப்பமாட்டீர்களே என்று கேட்டேன். "வாய்தா வாங்கிக்கலாம் சார்" என்றார். செவலையைக் கொய்யா மரத்தடியில் புதைத்திருக்கிறேன். நாய் தோண்டாதபடி மேலே கல் வைத்திருக்கிறேன். நீ வளர்த்ததிலேயே சாதுவானது அது. மகள் கல்யாணமாகிப் போன மாதம், வீடு இப்படி வெறிச்சென்று இருக்கிறதே என்று நீ அட்டைப் பெட்டியில் கொண்டுவந்த குஞ்சுகளில் ஒன்று. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய். இதெல்லாம் எதற்கு என்று நான் எரிந்து விழுந்தேன். "சத்தம் கேக்கணும்ங்க, வீட்டுல ஏதாவது ஒரு சத்தம் கேக்கணும்" என்றாய். நேற்றிரவு முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

இன்று காலை வக்கீல் மதில் ஓரமாக வந்து நின்று, "போயிட்டு வாங்க சார், கோழிய நான் பாத்துக்கறேன். சேவல் மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க" என்றார். எங்கே போவதாக நான் அவரிடம் சொன்னேன்? அதையும் நீதான் சொல்லியிருப்பாய். தீனி நேரத்தையும், தட்டில் தண்ணீர் மாற்றுகிற விவரத்தையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாதி அவருக்கே தெரிந்திருந்தது.

சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் நான் வருவதை நீயே சொல்லிவிடு. ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்றும் சொல். வந்தால் வரட்டும். அந்தப் போரின் வருடத்தை நானும் சரிபார்த்துவிட்டேன். அதைப் பற்றி அவர் பேச்செடுக்காமல் இருந்தால் நானும் எடுக்கமாட்டேன். மகளுக்கு என் அன்பு. குழந்தை கீழே விழாமல் நடக்கப் பழகட்டும், விழுந்தாலும் அழாமல் எழுந்திருக்கட்டும். என் ஆசீர்வாதம் அவளுக்கு எப்போதும் உண்டு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த வீட்டுக்கு வருவேன். உட்காரச் சொன்னால் உட்காருவேன், தண்ணீர் கொடுத்தால் குடிப்பேன். ஆனால் நீ சொல்லச் சொன்ன அந்த இரண்டு வார்த்தை எல்லோர் முன்னாலும் என் வாயிலிருந்து வருமா என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் சொல்லிப் பழகாத வாய். நான் வந்து உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் ரயில் தாமதத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தால், கூப்பிட்டுவிட்டேன் என்று வைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் கணவன்