காயும்வரை தொடாதே

என் செல்வி அம்மாவுக்கு,

போன இடத்தில் சுகமா என்று கேட்க மனசு வரவில்லை. உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன்.

பெற்றவர்கள் பசுவந்தனையில் வீட்டுப் படியேற விடாத என்னைக் கோவில்பட்டிக்குக் கூட்டிவந்து, மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, "இனி நீ எம் மக" என்றவள் நீ. திருநங்கைக்குத் திருநங்கைதான் தாய் என்று நம்பினேன். நீ சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

உன் கால் வீங்கியபோது டாக்டரம்மா என்ன சொன்னார்கள்? "அம்பது வயசாச்சு, பீடி வேற. இனி கருத்தடை மாத்திரையத் தொடவே கூடாது, ரத்தம் கட்டிரும். ஈஸ்ட்ரோஜன், அதான் அந்தப் பொம்பள ஹார்மோன், வேணும்னா தோல்ல பூசுற ஜெல்தான்." நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினாய். வெளியே வந்ததும், "இந்தக் கரிசக்காட்டு வெயிலுக்கு வேர்வையோட போயிருமேட்டி" என்று சிரித்தாய். விளையாட்டு என்றுதான் நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து காலையில் குளித்துவிட்டு ஒரு டப்பாவிலிருந்து ஜெல்லை எடுத்து இரண்டு கையிலும் பூசிக்கொண்டு நிற்பாய். பக்கத்தில் வந்தால், "ஏட்டி, தொடாத! காயட்டும். ஒனக்கும் ஒட்டிக்கிடும்" என்பாய். நானும் எட்டியே நின்றேன்.

கடைசி நாளும் பூசிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாய். "மூச்சு அடைக்குட்டி, கையப் பிடி" என்றாய். "காயட்டும்மா, தண்ணி எடுத்துட்டு வாரேன்" என்று அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது நீ சாய்ந்து கிடந்தாய். ரத்தக்கட்டு நுரையீரலை அடைத்துவிட்டதாம்.

காரியம் முடிந்து உன் சேலைப் பெட்டியைத் திறந்தேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ட்யூப்கள் மூடிகூடத் திறக்காமல் இருந்தன. அடியில் காலியான கருத்தடை மாத்திரை அட்டைகள். மருந்தாச்சே என்று நான் தொடாமலே இருந்த உன் டப்பாவை எடுத்துப் படித்தேன். முகத்துக்குப் போடும் கற்றாழை ஜெல். அடிப்பாவி!

மாத்திரை போட்டால்தான் மாரு வளரும் என்று முப்பது வருஷமாக நம்பிவிட்டாய், சரி. அதை என்னிடம் சொல்லியிருந்தால் கெஞ்சியாவது தடுத்திருப்பேனே? ஊரை ஏமாற்று, போலீஸை ஏமாற்று. மகளையுமா?

போன வாரம் புதூரிலிருந்து நம்மைப் போல ஒருத்தி வந்திருக்கிறாள். பையில் அதே மாத்திரை அட்டை. "நாலு சேத்துப் போட்டா சீக்கிரம் வளருமாக்கா?" என்கிறாள். உன் கதையை ஒளிக்காமல் சொன்னேன், உன்னைத் திட்டிக்கொண்டேதான். நாளைக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன்.

உன்னை மன்னிப்பேன் என்று வாக்குத் தரமாட்டேன். ஒன்று மட்டும் சத்தியம். அவள் கையில் எந்த மருந்து ஈரமாக இருந்தாலும், பிடி என்றால் பிடிப்பேன்.

நீ கை நீட்டியும் பிடிக்காமல் போன
உன் மகள்,
மீனா