பித்தளைத் தகட்டில் பன்னிரண்டு பேர்

செப்டெம்பர் 6, சனி

பித்தளைத் தகட்டுக்குக் கீழே சுவரில் ஒரு சின்ன மஞ்சள் ஒட்டுத்தாள். பென்சிலால் 31 என்று எழுதியிருந்தது. பிறகு பார்த்தால் கோயில் முழுக்க ஒட்டியிருந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் 12. அந்தோனியார் சுரூபத்தின் பீடத்தில் 19.

பிறேமினி அன்ரி பூச்சாடி கழுவிக்கொண்டே சொன்னார். "கோயிலைப் பூட்டப் போகினமாம் பிள்ளை. கூரை இனித் தாங்காதாம். அதுக்கு முன்னம் ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை வந்து எல்லாத்தையும் எழுதி வைக்கப் போறாவாம். பழைய கோயில்களை எழுதிறதுதான் அவவின்ர வேலையாம். அதுக்குத்தான் இந்த நம்பருகள்."

எப்போது பூட்டுவார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தகட்டைத் துடைத்தேன்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

பங்குச் சுவாமியும் பூசை முடிவில் சொன்னார். ஒக்டோபர் 26 கடைசிப் பூசை. அதன்பிறகு நோர்பரியில் தமிழ்ப் பூசை இல்லை. புதுக் கோயிலுக்கு இரண்டு பஸ் எடுக்கவேண்டும்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அப்பிடியே?" என்றார். அம்மாவின் அடக்கப் பூசையும் அங்கேதான் நடந்தது. அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்கும்.

செப்டெம்பர் 13, சனி

இன்றும் துடைத்தேன். பழப்புளி, உப்பு, பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தும்பு. அம்மா செய்த மாதிரியே.

நான் ஏழு வயதிலிருந்து அம்மாவுடன் சனிக்கிழமைகளில் போய்வந்தேன். முதல் உலகப்போரில் செத்துப்போன இந்தப் பங்குப் பெடியன்களின் பெயர்கள் அந்தத் தகட்டில் இருந்தன. பன்னிரண்டு பேர். அம்மா துடைத்து முடித்ததும் ஒவ்வொரு பெயராக விரலை வைத்து வாசிப்பார். ஒவ்வொருவருக்கும், செத்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபம் சொல்வார். எழுத்து மங்கிப் போன பிறகும் விரலை அந்தந்த இடத்தில் வைத்துப் பாடமாகச் சொன்னார்.

ஒருநாள் ஏன் என்று கேட்டேன். "இந்தப் பிள்ளையளுக்குச் சொல்ல இஞ்ச இப்ப ஒருத்தருமில்லை. நான் சொன்னா, அங்க எங்கட தம்பிக்கும் ஆரும் சொல்லுவினம்."

அம்மாவின் தம்பி அன்ரன் மாமா 2009இல் ஊரில், போரின் கடைசியில் காணாமற்போனவர். அவருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

செப்டெம்பர் 20, சனி

அந்தப் பெண் வந்தார். பெயர் ரூத். முழங்காலில் சேறு. ஏணியில் ஏறி ஜன்னல்களைப் படம் எடுத்தார். 1894ஆம் ஆண்டுச் செங்கல் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார், ஆளை அறிமுகப்படுத்துவது போல.

தகட்டின் முன்னால் நெடுநேரம் நின்றார். கையடக்க விளக்கைச் சரித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். இதை யாரோ பல வருடமாகப் புளிப்பான எதையோ போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், நாலைந்து எழுத்துத்தான் மிச்சம், பங்கின் பழைய பதிவேடும் தண்ணீர்க் குழாய் வெடித்து நாசமாகிவிட்டதாம், யார் துடைப்பது என்று தெரியுமா?

என் கையில் வாளி. வாளிக்குள் பழப்புளி.

தெரியாது என்று தலையாட்டினேன்.

அவர் தன் பதிவுப் புத்தகத்தில் எழுதினார்: பெயர்கள் வாசிக்க முடியாதவை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்றேன்.

செப்டெம்பர் 24, புதன்

அம்மாவா அழித்தார்? நானும்தானே. அம்மா படுக்கையில் விழுந்த பிறகு நான்தான் தனியப் போய்த் தேய்ச்சனான். பள்ளிக்கூடத்தை விட்டு, பரீட்சையும் எழுதாமல், அம்மாவைப் பார்த்துக்கொண்டு. சனிக்கிழமை மட்டும் ஒரு மணித்தியாலம் வெளியே. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பார்: "மினுங்குதோ?" "ஓம் அம்மா, நல்லா மினுங்குது." அதைக் கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

கோயில் ஆட்கள் எல்லாரும் அம்மாவை நல்ல மனுசி என்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் அந்தப் புத்தகத்தில் அம்மா, தகட்டைப் பழுதாக்கினவர். திறக்காவிட்டால் பன்னிரண்டு பேர் இல்லை. ஏன் என்னட்டக் கேட்டவ? வேற ஆக்களே இல்லையா?

செப்டெம்பர் 25, வியாழன்

விரல்விட்டு எண்ணினேன். டொயில். பிரெனன். ரண்டு கெல்லி, அண்ணனும் தம்பியும். ஹாலரன்... பதினொன்றுதான் வருகிறது.

செப்டெம்பர் 26, வெள்ளி

பதினொன்று. ஏனென்று இன்றைக்குத்தான் விளங்கியது. அம்மா கடைசிப் பெயருக்கு வரும்போது நான் ஊத்தைத் தண்ணீரை ஊற்ற வெளியே போய்விடுவேன். பத்து வருடமும். கெதியாக வீட்டுக்குப் போகலாம் என்று.

ஒக்டோபர் 4, சனி

தகட்டைத் தொடவில்லை. அன்ரி ஏசினார். "என்னடி, கறுக்க விடப்போறியே? கொம்மா இருந்திருந்தா உன்ர காதைத் திருகியிருப்பா."

ஒக்டோபர் 11, சனி

ரூத் வந்தார். வாசல் கதவை அளந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அளவு நாடாவின் மற்ற முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மூன்று தடவை அளந்தோம். நான்காவது தடவை நாடாவை விடாமல், தகட்டைத் துடைத்தது என் அம்மாவும் நானும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

சொன்னேன். பெயர்கள் தெரியும் என்றும் சொன்னேன்.

நாங்கள் கோயில் வாங்கில் போய் இருந்தோம். அம்மாவின் உச்சரிப்பில்தான் எனக்குத் தெரியும். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக் காட்டினார். பதினோராவதுக்குப் பிறகு பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். மற்றது எனக்குத் தெரியாது என்றேன். அந்த வரியை வெறுமையாக விட்டார்.

தேய்த்து அழித்தது என்றும் எழுதுவீர்களா?

எழுதத்தான் வேண்டும் என்றார். பிறகு அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதினார்: பெயர்களைப் பாடமாக வைத்திருந்தவர், மேரிசாந்தி. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றுக்குக் கீழே ஒன்று.

வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

கடைசிப் பூசை. அப்பாவும் லீவு எடுத்து வந்தார். சுரூபங்களை வான் வண்டியில் ஏற்றினார்கள். தகட்டைச் சுவரிலேயே விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 2, ஞாயிறு

சகல ஆன்மாக்கள் திருநாள். புதுக் கோயில். வெளிச்சம் கூடுதல். வாசலில் செத்துப்போன ஆட்களின் பெயர் எழுதிப் போட ஒரு பெட்டியும் தாள்களும். எங்கட ஆட்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். அன்ரி எனக்குப் பின்னால்.

"எவ்வளவு நேரமடி? உனக்குக் கொம்மாவும் மாமாவும்தானே?" என்று என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "டொயில்? கெல்லி? ஆரடி இவை, வெள்ளைக்காரரே?"

"ஓம் அன்ரி."

"எங்களுக்கு என்ன முறை?"

"அம்மாவின்ர ஆக்கள்."

அன்ரி தாளுக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார். "இது ஆர், 'பன்னிரண்டாமவர்' எண்டு?"

"பேர் தெரியேல்லை."

"பேர் தெரியாமல் சுவாமி என்னெண்டு வாசிக்கிறது?"

"அப்பிடியே வாசிக்கட்டும்."

தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.