உள்ளே இருப்பதைப் பார்ப்பீர்களா?

அண்ணா,

இன்று காலை உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவர் சார்ஜ் ஏறவில்லை என்று போனைக் கொண்டுவந்தார். கழற்றினால் உள்ளே போர்டு முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. பிரஷ்ஷைத் தின்னரில் நனைத்துத் தேய்த்தேன். அந்த வாசனை எழுந்ததும், "டேய், மூடி வைடா அதை, தலை வலிக்குது" என்று உங்கள் குரல் வரும் என ஒரு கணம் காத்திருந்தேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது.

அந்த மனிதரும் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார். எப்போது கிடைக்கும், நம்பரெல்லாம் போய்விடுமா, அரிசியில் போட்டு வைத்திருந்தால் சரியாகியிருக்குமா. பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது, அண்ணா. உங்களுக்கு மட்டும் எப்படி அலுக்காமல் இருந்தது?

2005இல் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த உங்கள் டெலிபோன் பூத்தில் ரிப்பேர் வேலைக்கு எனக்குப் பாதி இடம் கொடுத்தீர்கள். ஊரில் ஒவ்வொருவராக செல்போன் வாங்க, பூத்தின் கண்ணாடி அறை காலியாகக் கிடந்தது. போலியோ வந்த காலை மடித்து ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் நீங்களே பேசுவீர்கள். நான் குனிந்து வேலை பார்ப்பேன். "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாதும்மா. அவன் திறந்து பாத்தாதான் தெரியும். சாயந்தரம் வா, தெரிஞ்சதைச் சொல்றேன்" என்பீர்கள். நானாக இருந்தால், ஆளை அனுப்பினால் போதும் என்று "நாளைக்கு" என்றிருப்பேன்.

அனுமந்தையிலிருந்து கலா என்னிடம் ரிப்பேருக்கு வந்தது அந்த வருடம்தான். புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை. முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய போன், மழையில் நனைந்து செத்துப்போயிருந்தது. "நம்பர்லாம் அப்படியே இருக்கும்ல?" என்று மூன்று முறை கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். போனுக்கு அப்போதுதான் உயிர் வந்திருந்தது. கலாவின் அண்ணன் நேராகக் கடலிலிருந்து வந்தவன்போல ஈரக் கைலியோடு வாசலில் நின்றான்.

"ரெடியா?"

"ஆயிடுச்சு."

"ஏம்பா, அவ யாருக்குப் பேசறான்னு மட்டும் பாத்துச் சொல்லேன். எங்கம்மா நாலு நாளா சரியா சாப்பிடல."

மிரட்டவில்லை. கெஞ்சினான். காலையிலிருந்து பதினோரு போன் பார்த்திருந்தேன். கழுத்து வலி. சொல்லிவிட்டால் போய்விடுவான் என்றுதான் தோன்றியது. பட்டனை அழுத்தினேன். வரிசையாக ஒரே நம்பர். வாசித்தேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, போனையும் வாங்கிக்கொண்டு போனான்.

நீங்கள் வந்ததும் ஏதோ சாதாரணச் செய்திபோலச் சொன்னேன். நின்ற இடத்திலேயே நின்றுவிட்டீர்கள்.

"நான் சொல்லலன்னா வேற எங்கனா போய்க் கேட்டிருப்பான்ணா."

"கேக்கட்டும்டா. நம்ம கடையில ஏன் கிடைக்கணும்?" பிறகு கண்ணாடி அறையைக் காட்டினீர்கள். "செல்லு வாங்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு அந்தப் பையன்கிட்ட இங்கருந்துதான் பேசிச்சு. ஒரு வருசம். கதவை மூடினாலும் எனக்குக் கேக்கும். ஒருத்தர்கிட்டயாவது சொன்னனா?"



கலா வேலைக்குப் போவது நின்றது. அதை அவளோடு பஸ்ஸில் போகும் பெண் வந்து சொன்ன அன்று, நீங்கள் அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி அனுமந்தைக்குப் போனீர்கள். என்னைக் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சாயந்தரம் திரும்பி வந்து சட்டையால் முகத்தைத் துடைத்தபடி, "தண்ணி குடுத்தாங்க. பேச விடல" என்றீர்கள். இரண்டு மாதத்தில் அவளைப் பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்தப் பையன் கீழ்புத்துப்பட்டுக்காரன், சென்னைக்குப் போய்விட்டானாம். அந்த இரண்டு மாதமும் என்னிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர நீங்கள் எதுவும் பேசவில்லை.

அடுத்த வருடம் அம்மா வீட்டுக்கு வந்த கலா, ஒரு போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். பட்டன் வேலை செய்யவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. உங்களிடம்தான் கேட்டாள்.

"அண்ணா, ரிப்பேருக்குக் குடுத்தா உள்ள இருக்கறத நீங்க பாப்பீங்களா?"

"நான் பாக்க மாட்டேம்மா. இவன் ஒருதடவை பாத்துட்டான். அதனால சிம்மைக் கழட்டிக் கையில வெச்சுக்கோ. சோதிக்க நாங்க வேற சிம் போட்டா, இந்த மாதிரி போன்ல நீ பேசின நம்பர் எதுவும் காட்டாது."

கலா சிம்மைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். போனைக் கடையில் விட்டுப் போகவும் மனமில்லை. நான் முடிக்கும்வரை என் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம். மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவ்வளவு நேரம் போதும். சொல்லவில்லை. போனை நீட்டினேன். அவள் நீங்கள் வாங்கித் தரும்வரை காத்திருந்து, உங்கள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் படியிறங்கியதும், "நீ ஒருதடவை பாத்ததை இனிமே வர்றவங்ககிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றீர்கள். அவ்வளவுதான். நீங்கள் என்னை மன்னித்தீர்களா என்று கடைசிவரை நான் கேட்கவில்லை. ஆனால் கடையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை.

இப்போதெல்லாம் கேட்காமலே பேட்டர்ன் லாக்கைத் துண்டுச் சீட்டில் வரைந்து நீட்டுகிறார்கள். போட்டோ, வங்கி, குடும்பம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். முடிந்ததும் அவர்களையே திறந்து பார்க்கச் சொல்கிறேன். இதற்காகவே சிலர் சலித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள்.

இன்று வந்த உப்பளத்துக்காரரும் சீட்டைத் திரும்ப வாங்காமல், "அட, உங்கமேல நம்பிக்கை இருக்குதுங்க" என்றார்.

"வேணாங்க. நான் ஒருதடவை பாத்தவன்" என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். எல்லோருமே சிரிப்பார்கள், அண்ணா. நான் அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து, மறுபடியும் அதையே சொல்வேன்.